காணாமல் போன 11 நாட்கள்!

உங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது யார் வேலை? சின்ன வயதில் எனக்கும் என் தம்பிக்கும் அதற்காகப் பெரிய சண்டையே நடக்கும். அவசரத்தில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டால் அப்பா காதைத் திருகுவார். "நாளைக்கு வர வேண்டிய நாளை இன்னைக்கே கிழிச்சுட்டியேடா!" என்பார்.

ஒரு தாள் கூடுதலாகக் கிழித்ததற்கே இந்தத் தண்டனை. ஒரு நாடு முழுவதும் சேர்ந்துகொண்டு ஒரே ராத்திரியில் 11 தாளைக் கிழித்துப் போட்டால்?

இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது. 1752-ஆம் ஆண்டு செப்டம்பர் 2, புதன்கிழமை. எல்லோரும் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். காலையில் எழுந்தால் வியாழக்கிழமை. ஆனால் தேதி செப்டம்பர் 14! கும்பகர்ணன் தூக்கமெல்லாம் இல்லை, ஒரே ஒரு ராத்திரிதான். கிழமையும் வரிசை மாறவில்லை. புதனுக்கு அடுத்து வியாழன்தான் வந்தது. தேதி மட்டும் எகிறிக் குதித்துவிட்டது. நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோமே செப்டம்பர் 5, அந்தத் தேதியில் பிறந்த ஒரு சிறுவன் அங்கே இருந்திருந்தால், அந்த வருடம் அவனுக்குப் பிறந்தநாளே வந்திருக்காது. பாவம் இல்லையா?

ஏன் இப்படிச் செய்தார்கள்? இதைத் தெரிந்துகொள்ள ரோமாபுரி வரை போய்வர வேண்டும். வாருங்கள்.

11 நிமிடத்தால் வந்த வம்பு

ரோமாபுரியின் தலைவர் ஜூலியஸ் சீசர் காலத்தில் காலண்டர் தாறுமாறாகக் கிடந்தது. அவர் அலெக்சாண்டிரியா நகரத்து அறிஞர் சோசிஜெனிஸைக் கலந்துகொண்டு ஒரு புதிய காலண்டரை உண்டாக்கினார். வருடத்துக்கு 365 நாள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல். நமக்குத் தெரிந்த லீப் வருடம்தான். முந்தைய குழப்பத்தைச் சரிக்கட்டுவதற்காக கி.மு. 46-ஆம் ஆண்டை மட்டும் 445 நாளாக நீட்டினார். அந்த வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்!

சீசர் பெயரால் ஜூலை மாதமும், அவருக்குப் பின் ஆண்ட அகஸ்டஸ் பெயரால் ஆகஸ்ட் மாதமும் வந்தன. இன்னொரு வேடிக்கை: செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களில் லத்தீன் மொழியின் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஒளிந்திருக்கின்றன. 9-ஆம் மாதத்துக்கு ஏன் 'ஏழு' என்று பெயர்? ஆதியில் ரோமானியரின் வருடம் மார்ச்சில் தொடங்கியது. மார்ச்சிலிருந்து விரல் விட்டு எண்ணுங்கள், சரியாக இருக்கும்.

சீசரின் கணக்குப்படி ஒரு வருடம் என்பது 365 நாள் 6 மணி. ஆனால் பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவர உண்மையில் ஆவது 365 நாள் 5 மணி 48 நிமிடம், சில விநாடிகள். வித்தியாசம் 11 நிமிடம், கொஞ்சம் கூட. 'பூ, 11 நிமிடம்தானே!' என்று தோன்றும். பள்ளிக்கூடத்துக்கு 11 நிமிடம் தாமதமாகப் போனால் வெளியே நிற்க வேண்டும். காலண்டரை யார் வெளியே நிறுத்துவது? அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போனது. ஏறக்குறைய 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகியது.

பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் மார்ச் 21 அன்று வர வேண்டும் என்று கிறிஸ்தவ சபையினர் கணக்கு வைத்திருந்தார்கள். ஈஸ்டர் பண்டிகையை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். 1500-களில் பார்த்தால் அந்த நாள் மார்ச் 11-க்கே வந்து நிற்கிறது!

அப்போது ரோமில் போப்பாண்டவராக இருந்தவர் 13-ஆம் கிரிகோரி. அலோசியஸ் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர் போட்டு வைத்திருந்த கணக்கை அறிஞர்கள் ஆராய்ந்து ஏற்றார்கள். அவர் அதற்குள் இறந்துவிட்டார். தம் கணக்கில் உலகமே நடக்கப்போவதை அவர் பார்க்கவில்லை. 1582-இல் போப்பாண்டவர் ஆணையிட்டார்: அக்டோபர் 4-ஆம் தேதி வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி. 10 நாள் காலி!

இனிமேல் பிசகாமல் இருக்க ஒரு விதியும் சேர்த்தார்கள். நூறால் வகுபடும் ஆண்டு லீப் வருடம் இல்லை. ஆனால் அது நானூறாலும் வகுபட்டால் லீப் வருடம்தான். அதனால் 1700, 1800, 1900 லீப் வருடங்கள் அல்ல. 2000 லீப் வருடம். இதைத் தேர்வில் கேட்டால் விட்டுவிடாதீர்கள்.

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி எல்லாம் அன்றைக்கே மாறிவிட்டன. ஸ்பெயினில் அவிலா நகரத்துத் துறவி தெரசா என்று ஒருவர் இருந்தார் (நம் கொல்கத்தா அன்னை தெரசா அல்ல, இவர் வேறு). 1582 அக்டோபர் 4 இரவில் அவர் காலமானார். மறுநாள் அடக்கம் செய்தார்கள். தேதி அக்டோபர் 15! இப்போதும் அவருடைய திருநாள் அக்டோபர் 15-தான்.

வீம்பு செய்த இங்கிலாந்து

இங்கிலாந்து மாறவில்லை. கணக்கு தப்பு என்பதால் அல்ல. சொன்னவர் போப்பாண்டவர் என்பதால்! இங்கிலாந்து போப்பாண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டு தனிச் சபை வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. முதலாம் எலிசபெத் ராணியின் அரசவையில் இருந்த ஜான் டீ என்ற கணித அறிஞர், "கணக்கு சரிதான், மாறிவிடலாம்" என்று எடுத்துச் சொன்னார். ராணியின் அமைச்சர்கள்கூடச் சம்மதித்தார்கள். ஆனால் பிஷப்புகள் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபம் என்றால் அவர் வீட்டுக் கடிகாரம் காட்டும் மணியையும் நம்ப மாட்டேன் என்பது போல. அந்த வீம்பு 170 வருடம் நீடித்தது.

அதனால் நடந்த கூத்துகளைக் கேளுங்கள். 1688-இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் ஹாலந்திலிருந்து படையோடு கப்பல் ஏறினார். ஹாலந்துக் காலண்டரில் அன்று நவம்பர் 11. இங்கிலாந்தில் அவர் கரையிறங்கிய நாள் அந்த ஊர்க் காலண்டரில் நவம்பர் 5. புறப்படுவதற்கு ஆறு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டார்! பறக்கும் கம்பளத்தில் போனால்கூட இது முடியாது. (இந்த வில்லியம்தான் பிறகு இங்கிலாந்துக்கே அரசரானார்.)

ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிசும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே நாளில் இறந்தார்கள் என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். தேதி ஒன்று, நாள் ஒன்றல்ல! ஷேக்ஸ்பியர் இறந்தது இங்கிலாந்துக் காலண்டரின் ஏப்ரல் 23. அந்த நாள் ஸ்பெயினில் மே 3. போதாததற்கு, செர்வான்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அவரை அடக்கம் செய்த நாள் என்று அவரை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக தினமாக நாம் கொண்டாடுவதில் மட்டும் குழப்பம் வேண்டாம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியில் வினாடி-வினா நடத்தினேன். "கலிலியோ இறந்த அதே ஆண்டில் பிறந்த விஞ்ஞானி யார்?" என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "ஐயா, நீங்கள் நியூட்டனைத்தான் கேட்கிறீர்கள். ஆனால் நூலகப் புத்தகத்தில் அவர் 1643 ஜனவரி 4-ஆம் தேதி பிறந்தார் என்று போட்டிருக்கிறது. கலிலியோ இறந்தது 1642" என்றாள். நான் என் கையில் இருந்த புத்தகத்தைக் காட்டினேன். அதில் நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்று இருந்தது. "தப்பு, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த அணியிடம் கேட்டேன். அவர்கள் 'நியூட்டன்' என்றார்கள். மதிப்பெண் அவர்களுக்குப் போனது. கடைசியில் அந்தப் பெண்ணின் அணி அந்த ஒரு கேள்வியில்தான் தோற்றது.

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய காலண்டர். அதே நாள் புதிய காலண்டரில் 1643 ஜனவரி 4. கலிலியோ இத்தாலியில் இறந்தார். அங்கே புதிய காலண்டர், 1642 ஜனவரி 8. இருவரையும் புதிய காலண்டரில் வைத்தால் 1642, 1643. இருவரையும் பழைய காலண்டரில் வைத்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29, நியூட்டன் பிறந்தது 1642. எப்படிப் பார்த்தாலும் ஒரே ஆண்டு இல்லை! ஒருவருக்கு ஒரு காலண்டர், மற்றவருக்கு வேறு காலண்டர் என்று வைத்தால்தான் ஒரே ஆண்டு வரும். அந்தப் பெண்ணுக்கு இப்போது உங்கள் வயதில் பிள்ளைகள் இருக்கலாம். அம்மா, நீ இதைப் படித்தால் தெரிந்துகொள், அந்த மதிப்பெண்ணை இன்றைக்கு உனக்குப் போட்டுவிட்டேன்.

இந்தக் குழப்பம் நம் ஊருக்கும் வந்தது, தெரியுமா? புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் புதிய காலண்டர். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் பழைய காலண்டர். இடையில் 150 கிலோமீட்டர் தூரம், 11 நாள் வித்தியாசம்! 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். ஒரு புத்தகத்தில் செப்டம்பர் 10 என்று இருக்கும், இன்னொன்றில் செப்டம்பர் 21 என்று இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே நாள்தான்.

ஐரோப்பாவில் முதலில் 10 நாளாக இருந்த வித்தியாசம் எப்படி 11 ஆனது? மேலே சொன்ன விதியை ஒருமுறை பாருங்கள். 1700-ஐ இங்கிலாந்து லீப் வருடமாக வைத்துக்கொண்டது, மற்றவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கூடிவிட்டது.

மார்ச்சில் புத்தாண்டு

தேதி மட்டும் அல்ல, வருடப் பிறப்பும் இங்கிலாந்தில் வேறாக இருந்தது. அரசாங்கக் கணக்கில் மார்ச் 25-தான் புத்தாண்டு. மார்ச் 24 வரை பழைய வருடம் ஓடும். முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது 1649 ஜனவரி 30 என்று நாம் படிக்கிறோம். அந்தக் காலத்து இங்கிலாந்து ஏடுகளில் அது 1648! ஜனவரியில்தானே நடந்தது, அவர்களுக்கு இன்னும் வருடம் பிறக்கவில்லை.

ஒரு வழியாக செஸ்டர்ஃபீல்டு பிரபு என்பவர் பாராளுமன்றத்தில் காலண்டர் மாற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவருக்கு வானியல் அவ்வளவாகத் தெரியாது. கேட்பவர்கள் மயங்கும்படி அழகாகப் பேசியே காரியத்தைச் சாதித்ததாகத் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். கணக்கு நன்றாகத் தெரிந்த மேக்கிள்ஸ்ஃபீல்டு பிரபுவும் பேசினார். ஆனால் பாராட்டு என்னவோ செஸ்டர்ஃபீல்டுக்குத்தான். கணக்கு வாத்தியாரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது! அட்டவணைகள் தயாரிக்க உதவியவர் அரசு வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி.

அந்தச் சட்டப்படி 1751-ஆம் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்து டிசம்பர் 31-இல் முடிந்துவிட்டது. மொத்தம் 282 நாள்தான். அடுத்து வந்த 1752-இல் 11 நாளை எடுத்தது போக மிச்சம் 355. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பிரிட்டிஷ் மன்னருக்கு உட்பட்ட எல்லாப் பகுதிகளுக்கும் சட்டம் பொருந்தும் என்றும் எழுதிவைத்தார்கள்.

ஏழையின் 11 நாள்

தேதியைத் தாண்டுவது காகிதத்தில் எளிது. ஆனால் காசு விஷயம்? ஒரு குத்தகை விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 29 அன்று நிலச்சொந்தக்காரருக்குக் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். விளைந்ததை விற்றுத்தான் பணம் வரும். செப்டம்பரில் 19 நாள்தான் என்றால் அவருக்கு 11 நாள் அவகாசம் பறிபோகிறது. வயலில் பயிர் சட்டத்தைப் பார்த்து வேகமாக விளையுமா என்ன?

இதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருந்தார்கள். குத்தகை, வாடகை, கடன் தவணை எதையும் முன்கூட்டிக் கேட்கக் கூடாது, பழைய கணக்கில் எப்போது வருமோ அந்த நாளில்தான் கேட்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். செப்டம்பர் 29-இல் கட்ட வேண்டியதை அக்டோபர் 10-இல் கட்டலாம். தொழில் பழகப் போன பையன்கள் ஒப்பந்தக் காலத்தை முழுதாக முடிக்க வேண்டும். 21 வயது ஆவதும் அப்படியே, 11 நாள் முன்னதாக யாரும் பெரியவராகிவிட முடியாது.

இதன் அடையாளம் இன்னும் இருக்கிறது. பிரிட்டனில் தனிநபர் வருமான வரிக் கணக்காண்டு தொடங்குவது ஏப்ரல் 6. என்ன விசித்திரமான தேதி! பழைய புத்தாண்டான மார்ச் 25-ஓடு 11 நாள் கூட்டுங்கள், ஏப்ரல் 5 வருகிறது. மீதி ஒரு நாள் எப்படிச் சேர்ந்தது என்பதில் வரலாற்று அறிஞர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு.

சரி, ஜனங்கள் சும்மா இருந்தார்களா? "எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு!" என்று கூச்சல் போட்டுத் தெருவில் கலகம் செய்தார்கள் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. நானும் வகுப்பில் கையை ஆட்டி ஆட்டி இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காலத்துப் பத்திரிகைகளையும் பதிவுகளையும் தேடிப் பார்த்தபோது அப்படி ஒரு கலகம் நடந்ததற்குச் சான்றே கிடைக்கவில்லை!

பின்னே கதை எங்கிருந்து முளைத்தது? ஒரு ஓவியத்திலிருந்து. வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் 1755 வாக்கில் ஒரு தேர்தல் விருந்தைக் கேலியாக வரைந்தார். ஒரே கும்மாளம், குடி, அடிதடி. அந்தப் படத்தில் தரையில் கிடக்கும் ஒரு பதாகையில் 11 நாளைக் கேட்கும் வாசகம் இருக்கும். 1754 தேர்தலில் இந்தக் காலண்டர் விஷயத்தையும் இழுத்து அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள், அதை வைத்து அவர் கிண்டல் செய்தார். பின்னால் வந்தவர்கள் கேலிப் படத்தைச் செய்தியாக எடுத்துக்கொண்டு கலகக் கதை கட்டிவிட்டார்கள். அந்த ஓவியம் இப்போதும் லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கலகம் இல்லையே தவிர, ஜனங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்பது உண்மை. குவெயின்டன் என்ற ஊரில் ஒரு முள்மரம் இருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அது பூக்கும் என்று நம்பிக்கை. புதிய கணக்கின் 1752 டிசம்பர் 24 இரவில், கையில் விளக்குகளோடு சுமார் 2,000 பேர் அந்த மரத்தைச் சுற்றிக் கூடினார்கள் என்று அக்காலப் பத்திரிகையில் செய்தி வந்திருக்கிறது. அரசாங்கம் சொல்வது சரியா, மரம் சொல்வது சரியா என்று பார்த்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். மரம் பூக்கவில்லை! "இது கிறிஸ்துமஸே இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 30 பார்த்ததுண்டா?

ஸ்வீடன்காரர்கள் ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்தார்கள். ஒரே அடியாகக் குதிக்க வேண்டாம், 1700-இலிருந்து 40 வருடத்துக்கு லீப் நாட்களை மட்டும் விட்டுக்கொண்டே வந்தால் வலிக்காமல் மாறிவிடலாம் என்று திட்டம். 1700-இல் பிப்ரவரி 29-ஐ விட்டார்கள். 1704-இலும் 1708-இலும் விட மறந்தாற்போல லீப் நாளை வைத்துவிட்டார்கள்! இப்போது அவர்கள் காலண்டர் பழையதோடும் சேரவில்லை, புதியதோடும் சேரவில்லை. வேறு வழியின்றிப் பழையதற்கே திரும்ப முடிவு செய்து 1712-இல் ஒரு நாளைக் கூட்டினார்கள். அந்த வருடம் ஸ்வீடனில் பிப்ரவரிக்கு 30 நாள். கடைசியில் 1753-இல் பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1 என்று எல்லோரையும் போலக் குதித்தார்கள்.

ரஷ்யா மாறியது 1918-இல். அங்கே ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. அதனால்தான் 1917-இல் நடந்த அவர்களுடைய 'அக்டோபர் புரட்சி'யின் தேதி நம் காலண்டரில் நவம்பர் 7. கிரேக்க நாடு 1923-இல் மாறியது. ரஷ்யத் திருச்சபை இன்றும் பழைய காலண்டரை விடவில்லை. அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல் வருகிறது.

பிரிட்டனிலும் விடாப்பிடிக்காரர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் பகுதியில் குவைன் பள்ளத்தாக்கு என்று ஒரு சின்ன இடம். அங்கே ஜனவரி 13-ஆம் தேதி 'பழைய புத்தாண்டு' கொண்டாடுகிறார்கள். குழந்தைகள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி மிட்டாயும் காசும் வாங்குவார்கள். ஜனவரி 1-இல் ஒன்று, 13-இல் ஒன்று, ஆக அவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு புத்தாண்டு! பழைய காலண்டரை ஒழுங்காகப் பின்பற்றினால் 1900-க்குப் பிறகு அது ஜனவரி 14-க்கு நகர்ந்திருக்க வேண்டும். அவர்கள் நகர்த்தவில்லை. மிட்டாய் கிடைத்தால் போதும், கணக்கு எதற்கு!

உங்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பழைய காலண்டருக்கும் நம் காலண்டருக்கும் இப்போது 13 நாள் வித்தியாசம். 2100-ஆம் ஆண்டு நமக்கு லீப் வருடமா, இல்லையா? பழைய காலண்டருக்கு? அப்படியானால் 2101-இல் ரஷ்யத் திருச்சபையின் கிறிஸ்துமஸ் ஜனவரி எத்தனையாம் தேதி வரும்? தாளில் போட்டுப் பாருங்கள். இதைப் படிக்கிறவர்களில் சிலர் அந்த நாளைப் பார்க்கவும் போகிறீர்கள். அப்போது விடையைச் சரிபார்க்க நான் இருக்க மாட்டேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.